துரைசாணியின் ஒன்பது பாவாடைகள்

உடுப்பைப் பார்த்து ஆளை மதிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. உடுப்பைப் பார்த்து ஆளின் ஊரைச் சொல்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. இத்தனைக்கும் இருபது வருடமாக உடுப்பு வெட்டித்தான் சாப்பிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவனுக்குத் திருப்பூரில் பனியன் வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பிறகு எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. பஹ்ரைனில் ஈசா டவுன் பக்கம் ஒரு கடையில் பள்ளிக்கூடச் சீருடை வெட்டினேன். சாம்பல் நிறக் கால்சட்டை, சாம்பல் நிறப் பாவாடை, கனவில்கூடச் சாம்பல். பிறகு மஸ்கட்டில், ரூவியில் ஒரு ரவிக்கைக் கடை. ஒரு நாள் காலையில் போனால் கடை பூட்டிக் கிடந்தது, முதலாளியைக் காணோம். மூன்று வாரம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரித்து, மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். வெங்காயம் உரிக்கிறவன் அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அது ஒரு வசதி.

அதற்கப்புறம்தான் ஜெபல் அலி. யூனிஃபார்ம் கம்பெனி. கப்பல் கன்டெய்னர்கள் போகும் சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, நாற்பது மிஷின், இரண்டு கட்டிங் டேபிள். ஒரு டேபிள் என்னுடையது. துணியை அறுபது அடுக்காகப் போட்டு மின்கத்தியால் வெட்டுவேன். இடது ஆள்காட்டி விரலின் நுனி அந்தக் கத்தியிடம்தான் இருக்கிறது. ஒருவனைக் காவலாளி ஆக்குவதற்கு எனக்கு இரண்டே கால் மீட்டர் துணி போதும். அரை மீட்டர் கூடக் கொடுத்தால் அவனையே ஹோட்டல் வாசலில் கதவு திறக்கும் பிரபுவாக ஆக்கிவிடுவேன். உடுப்பின்மேல் எனக்கு மரியாதை வராமல் போனதற்கு அதுதான் காரணம். உள்ளே நிற்கிற ஆள் எல்லா இடத்திலும் ஒரே ஆள்தான்.

அப்படிப்பட்ட கொட்டகைக்குள் ஒரு நாள் ஆஸ்திரியாக்காரி ஒருத்தி ஒன்பது உடுப்புகளோடு வந்து இறங்கினாள்.

துபாயில் கடலோரமாக இருக்கும் பெரிய ஹோட்டல் ஒன்றில் அவள் நாட்டு மலை வீடு மாதிரி ஒரு சாப்பாட்டு விடுதி திறக்கப் போகிறார்களாம். மரச்சுவர், மான் கொம்பு, கணப்பு. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே கணப்பு. அவளுடைய புருஷன் அந்த ஹோட்டலில் ஏதோ பெரிய ஆள். பரிமாறுகிற பெண்களின் உடுப்பை இவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். உயரம். ஏசி சரியாக வேலை செய்யாத எங்கள் கொட்டகையில் வேர்வை வழிய நின்று, ஒவ்வொரு உடுப்பின் உறையையும் அவிழ்த்தாள். தீபாராதனை காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் உயர்த்திக் காட்டினாள்.

டிர்ண்டல் என்று பெயர். இறுக்கமான ரவிக்கை, அதோடு சேர்த்துத் தைத்த சுருக்குப் பாவாடை, உள்ளே கை வைத்த வெள்ளைச் சட்டை, முன்னால் ஒரு ஏப்ரன். அவ்வளவுதான். ரூவியில் நான் வெட்டிய பட்டு ரவிக்கைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அதே லைனிங், உடம்போடு ஒட்டப் பிடிக்கிற அதே டாட், முன்பக்கம் அதே கொக்கி. ஆனால் அவளைப் பொறுத்தவரை இது ஒரு உடுப்பு இல்லை, ஒன்பது உடுப்பு. அவள் நாட்டில் ஒன்பது மாநிலமாம். அதற்குள் பள்ளத்தாக்குக்கு ஒரு விதமாம்.

“இது என்னுடைய பள்ளத்தாக்கு. ரவிக்கை பச்சை, பாவாடை ரோஜா நிறம், ஏப்ரன் ஊதா. மாற்றக்கூடாது” என்றாள் ஆங்கிலத்தில். “இது கிழக்குச் சமவெளி. நீலச் சாயத்தில் வெள்ளைப் பூ அச்சு. இது மேற்கு மலை. இந்தக் கருப்புப் பாவாடையில் நூற்றுக்கணக்கான மடிப்பு இருக்கிறது, பசை போட்டு மினுக்குவார்கள். இது தெற்கு. இங்கே மட்டும் பாவாடை குட்டை, வெள்ளைக் காலுறை தெரியவேண்டும். இந்த ஏப்ரனை அந்த ரவிக்கையோடு போட்டால் அது பொய்.”

பொய் என்ற வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் எங்கள் சூப்பர்வைசர்கூட நிமிர்ந்து நின்றார். திருநெல்வேலிக்காரர் அவர். எதற்கும் நிமிராதவர். அவள் போனதும் என் பக்கம் திரும்பி, “என்னடே இவ, கோயில் நகைய எடுத்துக் காட்டுத மாதிரில்லா காட்டுதா?” என்றார்.

மூன்று மணி நேரம் பேசினாள். பொத்தானுக்கு அரை மணி, மடிப்புக்கு முக்கால் மணி. மேல்நாட்டுக்காரி ஒருத்தி இவ்வளவு நேரம் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை, அதுவும் பொத்தானைப் பற்றி. நடுவில் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னாள். முதலில் இது பண்ணை வேலைக்காரப் பெண்கள் போட்டுக்கொண்டு மாடு கறந்த உடுப்பாம். கோடைக்கு மலைக்கு வந்த நகரத்துச் சீமாட்டிகள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, பட்டில் தைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்களாம். அதிலிருந்து அது நாட்டின் பாரம்பரியம் ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வேலைக்காரியின் துணியை எஜமானி எடுத்துப் பட்டில் தைத்தாள். அவள் பேத்தி அதை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, பாலைவனத்தில், பிலிப்பைன்ஸ், நேபாளம், கென்யா வேலைக்காரிகளின் உடம்பிலேயே திரும்ப மாட்டுகிறாள். சுற்றி வந்து சேர வேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. நடுவில் அதற்குப் பாரம்பரியம் என்று ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது, அதுதான் லாபம்.

மாநிலத்துக்கு நான்கு என்று முப்பத்தாறு உடுப்பு. அதுதான் ஆர்டர்.

எங்கள் கொட்டகையில் கைத்தையல் வேலைக்கு ஒரே ஒரு பெண் இருந்தாள். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். பொத்தான், கொக்கி, ஓரம் மடித்து அடிப்பது எல்லாம் அவள் கையில். அந்த மாதம் அவளுக்கு நேரம் சரியில்லை. கைத்தையலுக்குப் பதிலாக மிஷின் வாங்கப் போவதாகவும் அவளுடைய விசா முடிந்ததும் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் முதலாளி சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு மாதம். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் அவள் அம்மாவிடம் வளர்ந்தார்கள். பெரியவள் உயர்தரப் படிப்புக்கு வந்திருந்தாள். திரும்பிப் போனால் அக்காவுக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை மட்டும்தான் இருக்கிறது. மகளுக்கும் அதுவேதான் என்று அவள் நினைத்தாள்.

ஆஸ்திரியாக்காரி இரண்டாவது தடவை வந்தபோது, அக்கா அந்த மேற்கு மலைப் பாவாடையின் மடிப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு தீக்குச்சி அகலம். வெள்ளைக்காரி பின்னாலேயே நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “இவளை எனக்குக் கொடுங்கள். இந்த உடுப்புகளைப் பராமரிக்க ஹோட்டலிலேயே ஒருத்தி வேண்டும். விசா, தங்குமிடம் எல்லாம் ஹோட்டல் பார்த்துக்கொள்ளும்.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்காவின் ஊசி நின்றது.

“தொரசாணி நெசமாத்தான் சொல்லுதா தம்பி?”

தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மனைவியைத் துரைசாணி என்பார்களாம். துரைகள் போய் எத்தனையோ காலமாகியும் அந்த வார்த்தையை அவர்கள் விடவில்லை. நானும் அன்றிலிருந்து அவளைத் துரைசாணி என்றே மனதுக்குள் கூப்பிட ஆரம்பித்தேன். பொருத்தமாக இருந்தது.

“நெசம்தான்க்கா. நாளைக்கு ஆபீஸ்ல பேப்பர் வாங்கிக்கச் சொல்றாங்க.”

வெள்ளிக்கிழமை விடுப்பில் அவளோடு நானும் ஹோட்டல் ஆபீஸுக்குப் போனேன். அக்காவுக்கு ஆங்கிலம் போதாது, எனக்கும் அரைகுறைதான், ஆனால் வெட்கம் கிடையாது. அங்கிருந்த கிளார்க் ஒரு ஃபாரத்தை எடுத்து, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இரண்டு என்றாள். அவர் கல்யாணமானவள் என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் அடித்து, இன்னொரு தாளை நீட்டினார். கல்யாணமான பெண் என்றால் ஹோட்டலில் தங்கி வேலை செய்ய ஆட்சேபனை இல்லை என்று புருஷன் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். விடுதி திறக்கிற நாளுக்குள் கொண்டு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தாள்.

“அந்தாளு பதினோரு வருசமா வேற ஒருத்தியோட இருக்குது தம்பி. தலவாக்கலையில. பிள்ளைங்க எத்தினியாவது படிக்கிதுன்னுகூட அதுக்குத் தெரியாது. அதுக்கிட்ட போயி கையெழுத்தா?”

“கேட்டுத்தான் பாருங்களேன்.”

கேட்டாள். அடுத்த நாள் சாப்பாட்டு இடைவேளையில் பதில் சொன்னாள். “போடுறானாம். திரீவீலர் ஒண்ணு எடுத்துக் குடுத்தா போடுறானாம்.” சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாள். “நான் இங்கின பொத்தான் தைக்கிறேன். அவரு அங்கின ஒரு கையெழுத்துல சவாரி போவாரு.”

“சிலவங்க கையெழுத்த அவங்களே போட்டுக்கறாங்கக்கா.”

“ஐடி கார்டு காப்பியும் வேணுமாம். பாத்தீங்கதானே.”

பார்த்திருந்தேன். அக்காவும் அந்த ஆளும் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதோடு சரி, கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. அரசாங்கத்துக்கே தெரியாத ஒரு புருஷனின் கையெழுத்தை ஒரு ஹோட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி என் தவறைச் சொல்லவேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. எந்த உடுப்பிலும் தொங்குகிற நாடா இருக்கக்கூடாது. ஹோட்டல் சலவை மிஷின் ராட்சசன் மாதிரி. இருநூறு உடுப்பை ஒன்றாகப் போட்டுச் சுழற்றும்போது தொங்குவதையெல்லாம் முறுக்கிப் பிய்த்துவிடும். அதனால் நாடா இருந்தால் அதை அழகான பூ முடிச்சாகப் போட்டு, பார்டேக் மிஷினில் ஒரே இடத்தில் நெருக்கி அடித்து இறுக்கிவிடுவோம். போடுவதற்கும் கழற்றுவதற்கும் உள்ளே ஒரு கொக்கி. துரைசாணியின் ஏப்ரன் துணிகள் தாமதமாக வந்தன. அவள் ரவிக்கை, பாவாடை எல்லாம் சரிபார்த்துவிட்டுப் போனபோது ஏப்ரன் வெட்டவே இல்லை. மாதிரி ஏப்ரன்களில் நாடாக்கள் சுருட்டி உள்ளே செருகியிருந்தன. எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பொத்தானுக்கு அரை மணி நேரம் கொடுத்தவள் இதற்கு ஒரு நிமிடம் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் குழந்தைக்குக் கவுன் தைத்தால் நாடாவைப் பின்னால்தான் கட்டுவோம். வேறு எங்கே கட்டுவது? சாக்பீஸால் முப்பத்தாறு ஏப்ரனுக்கும் இடுப்பின் பின்பக்கம், நட்ட நடுவில், குறி போட்டது நான். அக்கா ஒவ்வொரு முடிச்சையும் கையால் மடித்து அழகு பார்த்தாள். மிஷின் அடித்து இறுக்கியது. ஒன்பது மாநிலத்தின் மடிப்பு, பொத்தான், நிறம், காலுறை எதிலும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சூப்பர்வைசர் வரிசையாகத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, “சோலி நல்லா முடிஞ்சிருக்குடே” என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பரிசு.

திறப்புக்கு முந்தின நாள் காலையில் ஹோட்டலில் போட்டுப் பார்க்கும் வேலை. சூப்பர்வைசர், நான், அக்கா மூவரும் வேனில் உடுப்புகளோடு போனோம். மரச்சுவரில் செத்த மான்கள் பார்த்துக்கொண்டிருந்தன. முப்பத்தாறு பெண்களும் உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கென்யாக்காரி ஒருத்தி தொப்பி போட்டு மலைநாட்டுக்காரி ஆகியிருந்தாள். நேபாளத்துப் பெண் ஒருத்தி குட்டைப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். உண்மையான மலையில் பிறந்தவள் அந்தக் கூட்டத்திலேயே அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அவளைச் சமவெளிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

துரைசாணி முன்பக்கமாக நடந்து வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வரிசை முடிவில் திரும்பிப் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது பெண்ணிடம் நின்றாள்.

“இது என்ன?” என்றாள். “எல்லாருக்குமா? எல்லாருக்கும் பின்னாலா?”

அதன்பிறகுதான் விளங்கியது. அவள் நாட்டில் ஏப்ரன் முடிச்சு சும்மா இல்லையாம். இடப்பக்கம் முடிந்தால் கல்யாணம் ஆகாதவள். வலப்பக்கம் முடிந்தால் ஆனவள். பின்னால் முடிந்தால் புருஷனைப் பறிகொடுத்தவள். பச்சைக் குழந்தைக்கும் தெரியுமாம் அங்கே. “என் விடுதியின் திறப்பு விழாவுக்கு முப்பத்தாறு விதவைகளை அனுப்பியிருக்கிறீர்கள்” என்றாள்.

கூச்சல் கேட்டுச் சமையலறையிலிருந்து அவள் நாட்டுச் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “பரிமாறுகிற பெண்களும் பின்னால்தானே கட்டுவார்கள், மேடம். விதவையும் பரிமாறுகிறவளும். நம் ஊர்த் திருவிழாவில் பார்த்ததில்லையா?”

“இது திருவிழாக் கொட்டகை இல்லை” என்றாள் அவள். சமையல்காரரின் தலை உள்ளே போய்விட்டது. அங்கேயே விஷயம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் சரியாக இருப்பது அவளுக்குப் போதாது, அவள் நினைத்தபடி சரியாக இருக்கவேண்டும்.

“யார் தைத்தது இதை?”

சூப்பர்வைசர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அக்காவைக் கைகாட்டினார். “இந்தப் பொம்பளதான் மேடம். ஃபினிஷிங் எல்லாம் அவதான்.”

துரைசாணியின் முகம் அக்காவின் பக்கம் திரும்பி இறுகியது. அந்தத் தாள் இன்னும் கையெழுத்தில்லாமல் அக்காவின் பையில்தான் இருந்தது. இப்போது கையெழுத்து கிடைத்தாலும் வேலை கிடைக்காது என்று தோன்றியது.

“குறி போட்டது நான் மேடம். அவங்க நான் போட்ட குறியிலதான் தெச்சாங்க” என்றேன். இதில் வீரம் ஒன்றுமில்லை. எனக்கு இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொரு கம்பெனி, அதுவும் இல்லாவிட்டால் வெங்காயம். சூப்பர்வைசர் பல்லைக் கடித்தபடி, “ஏலே, ஒன்ன எவம்ல கேட்டா?” என்றார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து, பக்கத்தில் நின்ற பெண்ணின் பின்னால் மண்டியிட்டாள். பார்டேக் பிரிப்பது லேசில்லை. துணி கிழிந்துவிடும். நூல் நூலாக எடுக்கவேண்டும். ஒரு முடிச்சைப் பிரித்து, நாடாவை நீவி, ஓட்டை தெரியாமல் நகத்தால் துணியைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்து, “ஓப்பன் பண்றேன் மேடம். ஆல். டுடே” என்றாள். துரைசாணி குனிந்து துணியைத் தடவிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது.

அன்று சாயங்காலம்வரை அக்கா பிரித்தாள். நானும் பிரித்தேன். என்னுடையதில் மூன்று கிழிந்தது, அவளுடையதில் ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் துரைசாணி ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு எந்தப் பக்கம் கட்டவேண்டும் என்று விசாரித்தாள். அவள் பக்கத்தில் அந்தக் கிளார்க் ஆபீஸ் ஃபைலோடு நின்றார்.

“கல்யாணம் ஆகிவிட்டதா?”

“இல்லை, மேடம்.”

“நீ?”

“இல்லை, மேடம்.”

கிளார்க் கையில் ஃபைல் இருக்கும்போது யார் ஆமாம் என்பார்கள்? பாதிப் பேர் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் வேலைக்கு வந்திருப்பார்கள். அந்த நேபாளத்துப் பெண் அரை மணிக்கு முன்னால் மாடிப்படிக்கு அடியில் நின்று போனில் தன் மகனுக்கு முத்தம் கொடுத்ததை நான் பார்த்தேன். அவளும் இல்லை என்றாள். முப்பத்தாறு பேரும் கன்னிகள். துரைசாணிக்கு ஒரே சந்தோஷம். நாடு நாடாக இப்படி ஒரு பொய்யை வரிசையில் நிறுத்தி வாங்கிக்கொண்டு, அதைப் பாரம்பரியம் என்று இடுப்பில் கட்டிவிட்டாள். ரவிக்கைக்கு ஏப்ரன் மாறினால் அவளுக்குப் பொய். இது பொய்யில்லை.

கடைசியில் அக்காவைக் கூப்பிட்டாள். உடுப்பைப் பராமரிக்கிறவளும் விருந்தாளிகள் கண்ணில் படுவாள், அதனால் அவளுக்கும் ஒன்று வேண்டுமாம். அவள் முதலில் கொண்டுவந்த ஒன்பது மாதிரிகளில் கிழக்குச் சமவெளியின் நீல உடுப்பு கொஞ்சம் பெரிய அளவு. அக்கா உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தாள். துரைசாணி அவள் இடுப்பில் ஏப்ரனை வைத்து, இரண்டு நாடாவையும் அவள் கையில் கொடுத்தாள்.

“நீ எந்தப் பக்கம்? வலதுதானே? குழந்தைகள் இருக்கிறதே.”

கிளார்க்கும், “லெட்டர் கொண்டுவந்தாயா?” என்று கேட்டார். அன்றோடு கெடு முடிகிறது.

அக்கா இரண்டு கையிலும் நாடாவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே தமிழில் கேட்டாள்.

“தம்பி, பின்னால கட்டுனா யாருன்னு சொன்னாங்க?”

“புருசன் செத்துப்போனவங்கக்கா.”

“அவங்ககிட்ட லெட்டர் கேப்பாங்களா?”

“செத்தவன்கிட்ட எப்படிக்கா கையெழுத்து வாங்குறது?”

அக்கா நாடா இரண்டையும் பின்னால் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூடவில்லை. ஜடை பின்னுகிற மாதிரி சர்வசாதாரணமாக, பார்க்காமலே, இழுத்து முடிந்தாள். முடிச்சு நட்ட நடுவில் உட்கார்ந்தது.

துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டாள். “ஓ” என்றாள். “ஓ, எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு. எப்போது?”

“லாங் டைம், மேடம்” என்றேன் நான். அதுவும் பொய்யில்லை. அவள் அக்காவைக் கட்டிப்பிடித்தாள். தன் பள்ளத்தாக்கில் துக்கத்துக்குக் கருப்பு ஏப்ரன் கட்டுவார்கள், வேண்டுமானால் தன்னுடையதையே தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று மொழிபெயர்த்தேன். கிளார்க் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்து நின்றது. ஆனால் துரைசாணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிளார்க் எதைக் கேட்பார்? பென்சில் டிக்கை அழித்து, கீழே இருந்த கட்டத்தில் பேனாவால் இன்னொரு டிக் அடித்தார்.

வேனில் திரும்பும்போது சூப்பர்வைசர் முன்சீட்டில் இருந்தார். அக்கா பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்த மெல்லிய தாலிச் சங்கிலியைக் கழற்றி, ஊசிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

“பாவம்னு தோணுதாக்கா?” என்று கேட்டேன்.

“யாருக்கு? அவருக்கா?” என்றாள். “அங்கின நல்லா கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு.”

கொஞ்ச தூரம் போனதும், “அம்மாக்கிட்டதான் சொல்ல ஏலாது. சாமிக் குத்தம்னு அழுவாங்க” என்றாள்.

அடுத்த மாதமே நான் அந்தக் கம்பெனியை விட்டேன். குறி போட்டவன் நான் என்று ஒத்துக்கொண்டதால் கட்டிங் டேபிளிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் வேலைக்குப் போட்டார்கள். அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை, ஆனால் பெட்டி கட்டுவதற்கு நான் கடல் தாண்டி வந்திருக்க வேண்டியதில்லை. இப்போது ஷார்ஜாவில் திரைச்சீலை வெட்டுகிறேன். திரைச்சீலைக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

அக்கா அவ்வப்போது போன் செய்வாள். அந்த விடுதியின் கதையைக் கேட்டால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். திறந்த வாரமே, அந்த வழக்கம் தெரிந்த வெள்ளைக்காரர்கள் சிலர் பீர் குடித்துவிட்டு, இடப்பக்க முடிச்சைப் பார்த்துப் பெண்களிடம் வழிய ஆரம்பித்தார்களாம். துரைசாணி பதறிப்போய் எல்லாருடைய முடிச்சையும் வலப்பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறாள். ஒரே நாளில் முப்பத்தாறு கல்யாணம். மூன்றாவது வாரம் சலவை மிஷின் தன் வேலையைக் காட்டி, நாடாக்களைக் கயிறாக முறுக்கிப் பிய்த்துப் போட்டது. முடிச்சைப் பின்னால் வைத்துத் தைத்துவிடுங்கள் என்று ஹோட்டல் மேனேஜரே உத்தரவு போட்டுவிட்டாராம். ஒரு மாதத்துக்குள் கன்னி, சுமங்கலி, விதவை. எந்த நாட்டிலும் பெண்களுக்கு இவ்வளவு வேகமாக நடந்ததில்லை. துரைசாணி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம். அப்புறம் பொத்தானைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாளாம்.

அக்காவின் வேலை மட்டும் நிலைத்தது. மகள் படிக்கிறாள். போன மாதம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள்.

“தொரசாணி புதுசா ஒண்ணு கேக்குறாங்க தம்பி. வருசா வருசம் அவரு செத்த நாளுக்கு எனக்கு லீவு குடுக்கணுமாம். அவங்க ஊருல அப்பிடித்தானாம். மெழுகுவர்த்தியும் வாங்கிக் குடுக்குறாங்களாம். தேதி கேட்டாங்க.”

“என்னக்கா சொன்னீங்க?”

“எனக்கு ஒண்ணும் ஓடல. சும்மா ஒரு தேதியச் சொன்னா அடுத்த வருசம் மறந்துருவேன்ல. மாட்டிக்குவேன்.”

“அதனால?”

“அவரு எங்கள விட்டுட்டுப் போன நாளையே சொல்லிட்டேன்” என்றாள் அக்கா. “அது மறக்காது.”